மகள் எடுத்த ஆய்வுத் தலைப்புக்கு வேலை கிடைக்குமா?

ஐயா, வணக்கம்.

பல பரிமாணத் தரவுத்தளத்தில், அதாவது ஒவ்வொரு பதிவும் பல எண்களால் குறிக்கப்படும் தரவுத்தளத்தில், கொடுத்த ஒன்றுக்கு மிக அருகில் உள்ளவற்றைத் தேடும்போது இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அமைப்பு) எவ்வளவு வேகமாக இயங்கும் என்பதை முன்கூட்டியே கணிப்பதைத் தங்கள் மகள் தமது எம்.இ. ஆய்வுக்கு எடுத்திருப்பதாகவும், அது காலாவதியான துறை என்று உறவினர் ஒருவர் கூறியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி. இத்தகைய தேடலுக்கான மர வடிவ இண்டெக்ஸ்களான கே-டி ட்ரீ 1975இலும் ஆர்-ட்ரீ 1984இலும் வந்தவை. ஆனால் அதே சிக்கல்தான் இன்று வெக்டர் தரவுத்தளமாக மறுபிறவி எடுத்திருக்கிறது. படத்தையோ கேள்வியையோ நூற்றுக்கணக்கான எண்களின் வரிசையாக (அதுவே வெக்டர்) மாற்றி, அதை ஒத்தவற்றைத் தேடித்தரும் செயலிகள் பலவும் இதை நம்பியே இயங்குகின்றன.

சிக்கலின் கடுமையைத் தாங்களும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சீராகப் பரவிய தரவில் நூற்றில் ஒரு பங்கை அடக்கும் பெட்டியின் பக்க நீளம், இரு பரிமாணத்தில் முழு நீளத்தின் 10 சதவீதம்தான். பத்துப் பரிமாணத்தில் அது 63 சதவீதம், நூறு பரிமாணத்தில் 95 சதவீதத்துக்கும் மேல். பெட்டி கிட்டத்தட்ட எல்லாப் பகுதிகளையும் தொடுவதால், மரத்தால் தேவையற்ற பகுதிகளை ஒதுக்க முடிவதில்லை. அதனால்தான், பரிமாணம் ஏறத்தாழ பத்தைத் தாண்டினால் இத்தகைய மரங்களைவிடத் தரவு முழுவதையும் வரிசையாகப் படிப்பதே வேகமானது என்று வெபர், ஷெக், பிளாட் ஆகிய ஆய்வாளர்கள் 1998இல் காட்டினர். உண்மையான தரவோ சீராகப் பரவியிருப்பதில்லை. ஆகவே சீரான பரவலைக் கருதிக்கொள்ளும் சூத்திரம் சொல்லும் தேடல் செலவும் நேரில் அளக்கும் செலவும் விலகுகின்றன. என் கணிப்பில், இந்த விலகலை ஆராய்வதில்தான் ஆய்வின் மதிப்பு இருக்கிறது.

எனவே மகள் சூத்திரத்தோடு நின்றுவிடாமல், 128 பரிமாணமுள்ள பத்து லட்சம் வெக்டர்களைக் கொண்ட சிஃப்ட் என்னும், படங்களிலிருந்து உருவாக்கிய சோதனைத் தொகுப்பை எடுத்து, அதில் சிறு மாதிரியைக் கொண்டு எத்தனை டிஸ்க் பக்கங்கள் (வட்டில் தரவு சேமிக்கப்படும் துண்டுகள்) படிக்கப்படும் என்று கணித்து, பிறகு முழுத் தொகுப்பில் அளந்து ஒப்பிடட்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தள மென்பொருளில் வெக்டர் தேடலுக்கான பிஜிவெக்டர் நீட்சியை நிறுவி, அருகருகே உள்ளவற்றை வலைப்பின்னலாக இணைத்துத் தேடும் எச்.என்.எஸ்.டபிள்யூ. முறையையும் சோதிக்கலாம், அது தோராயமான விடை தருவது என்பதால், வேகத்தோடு விடையின் துல்லியத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

இந்தத் தலைப்பின் பெயரிலேயே வேலை விளம்பரம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தரவுத்தள எஞ்சின், தேடல், செயல்திறன் பொறியியல் ஆகிய பிரிவுகளில்தான் தேட வேண்டும். புதியவர்களுக்கு அங்கு இடங்கள் குறைவு, சி++ அறிவையும் துருவிக் கேட்பார்கள். ஆகவே வளாக நேர்காணல்களை அவர் தவிர்க்க வேண்டாம். முனைவர் பட்ட ஆராய்ச்சியில் நாட்டம் இருந்தால், 2024இல் அறிமுகமான கேட் நுழைவுத் தேர்வின் தரவு அறிவியல் தாளுக்குப் படிக்கட்டும். நிகழ்தகவு, நேரியல் இயற்கணிதம், தரவுத்தளம் மூன்றும் அதன் பாடத்திட்டத்தில் இருப்பதால், ஆய்வுக்காகப் படிப்பதே தேர்வுக்கும் கைகொடுக்கும்.