டெபாசிட் முதிரும்வரை கண் காத்திருக்குமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 66, நீண்ட காலச் சர்க்கரை நோயாளி. வலது கண்ணில் எழுத்துகள் நெளிந்து தெரிந்ததால் ஓ.சி.டி. ஸ்கேன் எடுத்தோம். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருக்கிறதாம். மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள் போட வேண்டும். ஒன்றுக்கு 22,000 ரூபாய். முதல் ஊசிக்கான தொகையை, ‘உள்நோயாளியாகச் சேரவில்லை’ என்று காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. பாலிசிக்கு ஆறு வயது. டெபாசிட் முதிர நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை ஊசியைத் தள்ளிப்போடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: கூடாது. நீர் நெடுநாள் தேங்கினால் விழித்திரை கெடும். பிறகு ஊசி போட்டாலும் இழந்த பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். டெபாசிட்டை உடைக்கவும் வேண்டாம், அதன்மீது கடன் வாங்குங்கள். பொதுவாக டெபாசிட் வட்டியைவிட ஒன்று, இரண்டு சதவீதம்தான் கூடுதல். நான்கு ஊசிக்கான 88,000 ரூபாய் கடனை நான்கு மாதம் வைத்திருந்தாலும் நிகரச் செலவு 600 ரூபாய்க்குள் முடியும். இதற்காகவா கண்ணைப் பணயம் வைப்பது?

எனக்குக் கவலை தருவது அடுத்த கணக்குதான். இது கண்புரை அறுவைச் சிகிச்சையைப் போல ஒரே நாளில் தீரும் செலவல்ல. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், முதல் ஆண்டில் மட்டும் ஒன்பது, பத்து ஊசிகள் தேவைப்பட்டன. உங்கள் விலையில் அதுவே இரண்டு லட்சம், ஸ்கேன் தனி. பார்வைக் குறைவு லேசாக இருந்தவர்களுக்கு பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட் என்ற மூன்று ஊசி மருந்துகளும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. குறைவு அதிகமாக இருந்தவர்களுக்கு முதல் ஆண்டில் அஃப்ளிபெர்செப்ட் முந்தியது. மூன்றில் பெவாசிசுமாப் மிக மலிவு. அப்பா எந்த வகை, விலை குறைந்த மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். முடிவு மருத்துவருடையது.

காப்பீட்டு நிறுவனத்தை விடாதீர்கள். கண்ணுக்குள் செலுத்தும் ஊசியை நவீன சிகிச்சைகளில் ஒன்றாக, காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இலேயே பட்டியலிட்டு, விலக்கக் கூடாது என்றது. உச்சவரம்பு வைக்கலாம்; ஆரோக்கிய சஞ்சீவனி என்ற பொதுவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அது காப்பீட்டுத் தொகையில் பாதி. உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தைத் தேடி, சேர்ந்த அன்றே வீடு திரும்பும் பகல்நேரச் சிகிச்சை இது என்று குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். டிஸ்சார்ஜ் தாளில் சேர்த்த நேரம், மரத்துப்போகும் மருந்து கொடுத்தது, அறுவை அரங்கில் ஊசி போட்டது ஆகியவை இருக்கட்டும். மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரையும் பில்லோடு இணையுங்கள். மறுபடி மறுத்தாலோ, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இடது கண்ணையும் இப்போதே பரிசோதித்துவிடுங்கள். அங்கும் நீர் இருந்தால் இந்த டெபாசிட் போதாது. பாலிசி நகலுடன் மீண்டும் எழுதுங்கள்.