ஆமிஷ் குடும்பம் செப்டிக் டேங்க் வைக்க மறுத்தால் கவுண்டி அலுவலகம் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கழிவுநீர் அனுமதிப் பிரிவில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். நவீன வசதிகள் பலவற்றை ஒதுக்கி வாழும் கிறிஸ்தவப் பிரிவான ஆமிஷ் சமூகத்தைச் சேர்ந்த, அண்மையில் இங்கே குடியேறிய குடும்பங்கள், குளித்த, துவைத்த, பாத்திரம் கழுவிய நீருக்குச் செப்டிக் டேங்க் வைப்பது தங்கள் சமய ஒழுங்குக்கு எதிரானது என்று மறுக்கின்றன. விண்ணப்பத்தில் கையெழுத்திடவும் மறுக்கின்றன. பக்கத்துப் பண்ணைக்காரர்கள், 'எங்களுக்கு ஒரு சட்டம், அவர்களுக்கு ஒரு சட்டமா?' என்று கேட்கிறார்கள். அபராத நோட்டீஸ் அனுப்பும்படி மேலதிகாரி சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: நோட்டீஸை இப்போது அனுப்பாதீர்கள். இப்படிப்பட்ட வழக்குகளில், விதி மீறப்பட்டதா என்பதோடு நீதிமன்றம் நிற்பதில்லை. இந்தக் குடும்பத்தின்மீது, இந்த நிலத்தில், இந்தக் கருவியைக் கட்டாயப்படுத்தாமல் அரசின் நோக்கம் நிறைவேறாதா என்றும் கேட்கிறது. அதற்கு ஆதாரத்தோடு பதில் சொல்லும் பொறுப்பு கவுண்டியுடையது. அந்த ஆதாரம் உங்கள் கோப்பில் இல்லாதவரை, நோட்டீஸ் கவுண்டிக்கே பலவீனமாக முடியும்.

உங்கள் சிக்கலுக்கு மிக நெருக்கமானது மினசோட்டாவின் ஃபில்மோர் கவுண்டியில் நடந்த வழக்கு. 2013இல் அந்தக் கவுண்டி, கழுவுநீருக்கும் செப்டிக் அமைப்பு வேண்டும் என்று விதித்தது. ஆமிஷ் மக்களுள் மிகக் கண்டிப்பான ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் பிரிவினர் அதை ஏற்க முடியாது என்று விலக்குக் கேட்டார்கள். மரச்சில்லுகள் நிரப்பிய குழியின் வழியே நீரை வடியவிட்டு மண்ணில் இறக்கும் முறையை மாற்றாக முன்வைத்தார்கள். அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. இணங்காதவர்களை வீடுகளிலிருந்தே வெளியேற்ற ஆணை கேட்கும் அளவுக்குப் போனார்கள். கீழ் நீதிமன்றங்கள் அரசின் பக்கம் நின்றன. ஆனால் 2021 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, வழக்கை மீண்டும் ஆராயத் திருப்பி அனுப்பியது. அப்போது நீதிபதி நீல் கோர்சச் தனியாக எழுதிய கருத்தை நீங்களும் உங்கள் மேலதிகாரியும் சேர்ந்து படிப்பது நல்லது. நிலத்தடி நீரைக் காப்பது முக்கியம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்றும், கழுவுநீரைக் கையால் சுமந்து கொட்டுபவர்களுக்கு விதியே விலக்களிக்கும்போது இவர்களுக்கு ஏன் மறுக்க வேண்டும் என்றும், வேறு மாநிலங்கள் ஏற்கும் மரச்சில்லுக் குழி இங்கே ஏன் ஒத்துவராது என்றும் அவர் கேட்டார். 2023இல் மினசோட்டா மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆமிஷ் குடும்பங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஃபில்மோர் பகுதி, சுண்ணாம்புப் பாறை வெடிப்புகள் வழியே அசுத்தம் விரைவில் நிலத்தடி நீரில் கலந்துவிடக்கூடிய நிலம். அப்படிப்பட்ட இடத்திலேயே பொதுவான அச்சம் போதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

விஸ்கான்சினிலும் சமய உரிமைக்கு வலுவான அடித்தளம் உண்டு. எட்டாம் வகுப்புக்குமேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததற்காக ஆளுக்கு 5 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட பெற்றோருக்கு உச்ச நீதிமன்றம் 1972இல் விலக்கு அளித்த புகழ்பெற்ற யோடர் வழக்கு, உங்கள் மாநிலத்தின் கிரீன் கவுண்டியில்தான் தொடங்கியது. பொதுவாக எல்லாருக்கும் பொருந்தும் விதி என்றால் சமய விலக்கு கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1990இல் கூட்டாட்சிப் பாதுகாப்பைக் குறுக்கியது உண்மைதான். ஆனால் மெதுவாகச் செல்லும் வண்டி என்று காட்டும் ஆரஞ்சு முக்கோணச் சின்னத்தைக் குதிரை வண்டிகளில் பொருத்த மறுத்த ஆமிஷ் மக்களின் வழக்கில், விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1996இல் மாநில அரசியல் சாசனத்தையே அடிப்படையாகக் கொண்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2015இல் சட்டமன்றமும், சமய நம்பிக்கையோடு மோதும் சில கட்டட விதிகளிலிருந்து வீட்டு உரிமையாளர் விலக்குக் கோர வழி செய்தது. அது உங்கள் விண்ணப்பத்துக்குப் பொருந்துமா என்பதைக் கவுண்டியின் சட்ட ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கள். செப்டிக் விதிகளை வகுப்பது மாநிலப் பாதுகாப்பு மற்றும் தொழில்சார் சேவைகள் துறை என்பதால், விதிவிலக்குக் கோரிக்கையும் அத்துறைக்கே போக வேண்டும். கவுண்டி தானாக விலக்குத் தந்துவிட முடியாது.

எல்லாவற்றிலும் ஆமிஷ் தரப்பே வெல்லும் என்று பொருளல்ல. ஊழியர்களுக்கான சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்ட மறுத்த ஆமிஷ் முதலாளிக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. ஆளுக்கு ஒரு விலக்கு என்றால் வரி முறையே நடக்காது என்பது காரணம். ஆகவே உங்கள் ஆய்வில் கழுவுநீரையும் மனிதக் கழிவையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். மலக்குழி கிணற்றுக்கு அருகில் இருந்தாலோ, மண்ணின் ஆழம் குறைவாக இருந்தாலோ, அங்கே அரசின் காரணம் உண்மையிலேயே வலுவானது. அதில் நீங்கள் விட்டுக்கொடுக்கவும் கூடாது. கழுவுநீரில் என்ன கலக்கிறது, நாளொன்றுக்கு எவ்வளவு வருகிறது, சரிவு எந்தப் பக்கம், கிணறு எவ்வளவு தொலைவு என்பவற்றை அந்தந்தப் பண்ணையிலேயே அளந்து பதிவு செய்யுங்கள்.

அந்த மக்களிடம் பேசும் முறையும் இதில் பாதி வேலை. 1693இல் யாக்கோப் அம்மனைப் பின்பற்றிப் பிரிந்த இச்சமூகத்துக்குத் தலைமைப் பீடம் கிடையாது. இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும் தன் பிஷப்பின் வழிகாட்டலில் 'ஓர்ட்னுங்' எனும் ஒழுங்கை வகுத்துக்கொள்கிறது. பக்கத்துக் கவுண்டி ஆமிஷ் வீடுகளில் டேங்க் இருக்கிறதே என்ற வாதம் அதனால் அவர்களிடம் எடுபடாது. ஒரே சமயத்தவர் தமக்குள் வேறுபடுவதால் ஒருவருடைய நம்பிக்கை பொய்யாகிவிடாது என்று உச்ச நீதிமன்றமும் 1981இல் வேறொரு வழக்கில் கூறியிருக்கிறது. ஒழுங்கில் மாற்றம் பற்றிய பேச்சு பெரும்பாலும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வரும் திருவிருந்துக்கு முந்தைய சபைக் கூட்டத்தில்தான் நடக்கும். முப்பது நாள் கெடு வைத்தால், விரும்பினாலும் அவர்களால் முடிவெடுக்க இயலாது. ஞாயிறு தவிர்த்து ஒரு பகலில் நேரில் சென்று, பிஷப்பையும் குடும்பத் தலைவரையும் சேர்த்துச் சந்தியுங்கள். எந்த வாக்கியத்தின் கீழ் கையெழுத்திட முடியாது என்று கேளுங்கள். பெரும்பாலும் முழு விண்ணப்பமும் அல்ல, தங்கள் சபை தடுக்கும் ஒன்றைச் செய்வதாக உறுதியளிக்கும் வரிதான் தடையாக இருக்கும். அந்த வரியை மாற்றி எழுத இடமுண்டா என்பதைச் சட்ட ஆலோசகரிடம் முன்பே கேட்டுச் செல்லுங்கள்.

அவர்கள் வழக்குப் போடமாட்டார்கள் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது ஆறுதல் சொன்னால், தயவுசெய்து அதை நம்பி நடக்காதீர்கள். நீதிமன்றம் ஏறுவதை அவர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள் என்பது உண்மை. யோடர் வழக்கையே, லூத்தரன் போதகர் வில்லியம் லிண்ட்ஹோம் 1967இல் தொடங்கிய வெளியார் குழு ஒன்றுதான் முன்னின்று நடத்தியது. எதிர்த்துப் பேசாதவர்கள்மீது அபராதத்தை ஏற்றிக்கொண்டே போவது எளிது என்பதாலேயே, அதிகாரத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனத்தோடு நடக்க வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

பக்கத்துப் பண்ணைக்காரர்களின் கேள்வி நியாயமானது, அதை ஒதுக்காதீர்கள். உங்கள் அளவீடுகளில் மரச்சில்லுக் குழி பாதுகாப்பானது என்று தெரிந்தால், அதே மண்ணும் அதே அளவு நீரும் உள்ள எந்த வீட்டுக்கும் அதை அனுமதிக்கும்படி மாநிலத் துறைக்குப் பரிந்துரை செய்யுங்கள். பாதுகாப்பற்றது என்று தெரிந்தால், அந்த அளவீடுகளையே இரு தரப்புக்கும் காட்டுங்கள். நோட்டீஸ் அனுப்பும் கட்டம் வந்தாலும், சந்திப்பின் குறிப்பு, அளவீடுகள், பரிசீலித்த மாற்று வழிகள், அவற்றை ஏற்காததற்கான காரணம் ஆகியவற்றை இணைத்து, சட்ட ஆலோசகர் பார்த்த பிறகே அது வெளியே போகட்டும்.