ஸ்கோர் சரி, எப்படி வந்த ஸ்கோர்?

கேள்வி: இரண்டு லேப்டாப். ஒரே ஐ7 பிராசசர், ஒரே 16 ஜிபி ரேம். ஆனால் இரண்டு ரிவ்யூக்களிலும் சினிபெஞ்ச் (பிராசசரின் வேகத்தை அளக்கும் சோதனை மென்பொருள்) ஸ்கோர் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. யாரோ ஒருவர் காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா?
(பொறியியல் மாணவர், ஈரோடு)

பதில்: அவசரப்பட வேண்டாம் தம்பி, இரண்டு பேருமே உள்ளதை எழுதியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். லேப்டாப்பில் பிராசசரின் பெயரை மட்டும் வைத்து வேகத்தைச் சொல்லிவிட முடியாது. அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் விடுவது (அது கூடினால் வேகமும் கூடும்) என்று முடிவு செய்வது லேப்டாப் தயாரிக்கிற நிறுவனம். இன்டெல்லின் கோர் ஐ7-1165ஜி7 என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதை 12 வாட்டிலும் வைக்கலாம், 28 வாட்டிலும் வைக்கலாம், வெளியே ஒட்டுகிற ஸ்டிக்கர் ஒன்றுதான். கிராஃபிக்ஸ் கார்டிலும் இதே கதை: ஆர்டிஎக்ஸ் 3060 லேப்டாப் சிப் 60 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். இரண்டையும் ஒரே பெயரில் விற்பது எனக்கு இன்றுவரை கோபம் வரவைக்கிற விஷயம்.

அடுத்து, சோதனை எவ்வளவு நேரம் ஓடியது என்று பாருங்கள். பெரும்பாலான லேப்டாப்புகள் முதல் அரை நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும், அப்புறம் சூடு ஏறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பழைய சினிபெஞ்ச் ஆர்15 சட்டென்று முடிந்துவிடுகிற சோதனை, அதனால் அந்த முதல் ஓட்டத்தை மட்டும் அளந்துவிட்டு மெல்லிய லேப்டாப்புக்கும் நல்ல மார்க் போட்டுவிடும். 2020-ல் வந்த அதன் புதிய பதிப்பான ஆர்23, நாம் எதையும் மாற்றாமல் விட்டால் 10 நிமிடம் தொடர்ந்து ஓடும், அதில் குட்டு வெளிப்பட்டுவிடும். என் தங்கை வீடியோ எடிட்டிங்குக்கு என்று ஒரு மெல்லிய லேப்டாப் வாங்கினாள். ரிவ்யூவில் ஸ்கோர் பிரமாதம். ஆனால் வீட்டில் கல்யாண வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் போட்டால் சில நிமிடங்களிலேயே அடுப்பு மாதிரி கொதித்து, வேகம் பாதியாகிவிடும். அந்த ரிவ்யூவைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தோம், நீண்ட நேரச் சோதனை என்று ஒன்றுகூட அதில் இல்லை.

ரேமையும் கேட்டுக்கொள்ளுங்கள். 16 ஜிபி என்பது ஒரே குச்சியாகவும் இருக்கலாம், இரண்டு எட்டாகவும் இருக்கலாம், இரண்டாக இருந்தால்தான் வேகம். சினிபெஞ்சில் அது பெரிதாகத் தெரியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கேம் ஓட்டினால் நன்றாகவே தெரியும்.

கேள்வி: நிறுவனங்கள் தாங்களே வெளியிடும் ஒப்பீடுகளை நம்பலாமா?
(வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

பதில்: படிக்கலாம், அதை மட்டும் நம்பிப் பணத்தை எடுக்கக் கூடாது. 2018 அக்டோபரில் நடந்ததைச் சொல்கிறேன். இன்டெல் தன் புதிய ஐ9-9900கே சிப்பை ஏஎம்டியின் ரைசன் 7 2700எக்ஸ் சிப்போடு ஒப்பிடச் சொல்லி, பிரின்சிபிள்ட் டெக்னாலஜிஸ் என்ற சோதனை நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தது. அவர்கள் ரைசனை 'கேம் மோட்' என்ற அமைப்பில் ஓட்டினார்கள். பெயரைப் பார்த்தால் கேமுக்கு நல்லது போலத் தோன்றும், ஆனால் அது அந்தச் சிப்பின் எட்டு கோர்களில் (வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பகுதிகளில்) நான்கை அணைத்துவிடும்! சிப்பைக் குளிர்விக்கிற கூலரிலும் வித்தியாசம் இருந்தது: இன்டெல் சிப்புக்குத் தனியாக வாங்கிய நாக்டுவா கூலர், ரைசனுக்கு அதன் பெட்டியோடு வருகிற கூலர். கேமர்ஸ் நெக்சஸ் போன்ற விமர்சகர்கள் இதைப் பிடித்துக் கேட்ட பிறகு மறுபடி சோதித்தார்கள், இன்டெல் அப்போதும் முன்னால்தான் இருந்தது, ஆனால் இடைவெளி குறைந்துவிட்டது. வெல்லப்போகிற சிப்புக்கு எதற்கு இந்த வேலை என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான். இதில் ஒரு நல்லது உண்டு. சோதனையை எப்படிச் செய்தோம் என்று அவர்கள் விவரமாக எழுதி வைத்திருந்ததால்தான் தவறு வெளியே வந்தது. அந்த விவரமே இல்லாத வரைபடத்தைக் காட்டி 'இத்தனை சதவீதம் வேகம்' என்று யார் சொன்னாலும் நான் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

சர்வர் உலகமும் தப்பவில்லை. ஒரு குறிப்பிட்ட சோதனையில் மட்டும் வேகம் கூடும்படி இன்டெல்லின் கம்பைலர் (நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) வேலை செய்திருக்கிறது என்று 2024-ல், வேகச் சோதனைகளை வகுக்கும் ஸ்பெக் அமைப்பு 2,600-க்கும் மேற்பட்ட முடிவுகளில் எச்சரிக்கைக் குறிப்பு போட்டது.

கேள்வி: கம்பெனி அனுப்பிய லேப்டாப்பை வைத்து எழுதினாலே அது ஒருதலைப்பட்சமா?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: இல்லை அம்மா. ஆனால் அனுப்பிய மாடலும் நீங்கள் வாங்குகிற மாடலும் ஒன்றா என்று பாருங்கள். 2022-ல் வந்த எம்2 மேக்புக் ஏரில், விலை குறைந்த 256 ஜிபி மாடலுக்கு ஒரே ஒரு சேமிப்புச் சிப்தான் வைத்தார்கள், அதனால் அதன் எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) முந்தைய எம்1 மாடலைவிட மெதுவாக இருந்தது. கூடுதல் சேமிப்பு உள்ள மாடலை வைத்து எழுதிய ரிவ்யூவில் இந்தக் குறை எப்படித் தெரியும்? கடையில் பில் போடும் முன் மாடல் எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு வந்து, ரிவ்யூவில் இருக்கிற எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ரிவ்யூவில் எண்ணே இல்லையென்றால் எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.