எல்லாம் நீங்களே செய்தால் அவருக்கு என்ன மிச்சம்?

கேள்வி: "தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் ஐடி வேலையில் இருக்கிறேன். கல்யாணமான கையோடு மனைவியையும் அழைத்து வந்துவிட்டேன், எட்டு மாதம் ஆகிறது. ஈரோட்டில் கணக்கு டீச்சராக இருந்தவள், ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றியவள். இங்கே அவளுக்கு ஒரு கஷ்டமும் வரக்கூடாது என்று கடை, பில், டாக்டர் எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன். சனி ஞாயிறு மாலுக்குக் கூட்டிப்போகிறேன். ஆனாலும் முகத்தில் சிரிப்பில்லை. நாள் முழுக்க அம்மாவோடு போன், தொட்டதற்கெல்லாம் அழுகை. போன வாரம் 'என்னை ஊருக்கு அனுப்பிடுங்க' என்று சொல்லிவிட்டாள். எப்படிப் பழக்குவது?"

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது "எல்லாம் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்ற வரிதான். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் பிரச்சினையில் பாதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளை ஒற்றைப் பார்வையில் அடக்கியவர், தன் சம்பளத்தில் தன் ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டவர், இன்றைக்கு ஒரு கேன் பால் தீர்ந்துபோனாலும் நீங்கள் வரட்டும் என்று காத்திருக்கிறார். வீட்டு ஓனரிடம் பேசுவது நீங்கள், கார்டு உங்களுடையது, கார் உங்களுடையது, டாக்டரிடம் அவருக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்வதுகூட நீங்கள். சொந்த வீட்டிலேயே அவர் விருந்தாளி. விருந்தாளிக்கு நாலு நாள் சந்தோஷமாக இருக்கும், அதற்கு மேல் ஊர் ஞாபகம் வந்துவிடும் இல்லையா.

அதனால் பழக்குவது எப்படி என்று கேட்பதை விட்டுவிட்டு, நீங்கள் செய்துகொண்டிருக்கிற வேலைகளில் எதையெல்லாம் அவர் கையில் கொடுப்பது என்று கேளுங்கள். இந்த ஊரில் பல குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: மனைவி கொஞ்சம் திணறட்டும் என்று விட்டுக்கொடுத்த வீடுகளில்தான் சீக்கிரம் நிலைமை தேறியிருக்கிறது.

முதலில் அவருடைய ஒரு நாளைப் பாருங்கள். காலையில் நீங்கள் கிளம்பியதும் கேட் மூடுகிறது. சுற்றிலும் மதில், அதன்மேல் மின்வேலி, தெருவில் ஈ காக்கா கிடையாது. ஈரோட்டில் வாசலில் நின்றாலே பால்காரர், பூக்காரம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று நாலு பேரிடம் பேச்சு ஓடிவிடும். இங்கே மணி ஒன்பது என்றால் ஊரில் பன்னிரண்டரை, அம்மா சமையலை முடித்துவிட்டு ஓய்வாக இருக்கும் நேரம், அதனால் பகலெல்லாம் போன் ஓடுகிறது. சாயங்காலம் ஆறு ஆகும்போது அங்கே ஒன்பதரை, அம்மா படுக்கப் போய்விடுவார். நீங்களோ என்1 நெடுஞ்சாலை நெரிசலில் நிற்பீர்கள். ஜூன் மாதம் என்றால் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். இந்த ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள்தான் பெரும்பாலான பெண்கள் அழுகிறார்கள், நான் பார்த்தவரை. வாரத்தில் இரண்டு நாளாவது இந்த நேரத்துக்குள் வீட்டில் இருக்க முடியுமா என்று உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். சனிக்கிழமை மாலில் நாலு மணி நேரம் சுற்றுவதைவிட இது பலிக்கும். போனைக் குறைக்கச் சொல்லி மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். பேச ஆள் இருக்கிறது என்பதே இப்போது அவருக்குப் பெரிய பிடி, வேறு ஆட்கள் கிடைத்தால் போன் தானாகக் குறையும்.

அடுத்தது கார். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஸ்கூட்டி ஓட்டியவருக்குச் சாலை பயம் இருக்காது, கார் பழகினால் போதும். நம் ஊர் மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டுகிறோம், ஸ்டியரிங்கும் வலது பக்கம், பங்கில் பெட்ரோல் போடவும் ஆள் இருப்பார், கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு நிற்பவருக்குச் சில்லறை கொடுத்தால் போதும். புதுசு என்று சொன்னால் நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு வைத்த சந்திப்புதான்: முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், ஹாரன் அடித்து நுழைகிற வேலையெல்லாம் நடக்காது. சிக்னலை இங்கே எல்லோரும் ரோபோ என்பார்கள், முதல் தடவை கேட்டால் சிரிப்பு வரும். ஊரிலேயே கார் லைசென்ஸ் எடுத்திருந்தால், அது ஆங்கிலத்தில் இருக்கும்வரை இங்கே அதை வைத்தே ஓட்டலாம், பாஸ்போர்ட்டும் கூட இருக்கட்டும். இருசக்கர வாகன லைசென்ஸ் மட்டும் என்றால் இங்கே லேர்னர்ஸிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நீங்கள் கற்றுக்கொடுக்காதீர்கள், தயவுசெய்து. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்தி இரண்டு பேரும் பேசாமல் வீடு திரும்பிய கதைகள் என்னிடம் நிறைய இருக்கின்றன. ஒரு டிரைவிங் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், பெண் ஆசிரியர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கார் கைக்கு வரும்வரை கௌட்ரெயின் என்கிற விரைவு ரயில் இருக்கிறது. உங்கள் மிட்ராண்டிலேயே ஸ்டேஷன், தெற்கே போனால் சாண்டன், ரோஸ்பேங்க், வடக்கே போனால் பிரிட்டோரியா. சுத்தமாக இருக்கும், ஸ்டேஷன்களில் காவலுக்கு ஆட்கள் நிற்பார்கள். ஒரு தடவை இருவரும் சேர்ந்து போய்விட்டு வாருங்கள், அடுத்த தடவை அவர் தனியாகப் போகட்டும், நீங்கள் வீட்டில் இருங்கள். "எங்கே இருக்கே, எங்கே இருக்கே" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் தனியாக அனுப்பியதற்கே அர்த்தமில்லை.

பாதுகாப்பு பயம் உங்களுக்கும் இருக்கும், இருக்க வேண்டியதுதான், இது விளையாட்டு இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற கொள்ளை வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வளர்கிற பயம் வேறு, என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஜாக்கிரதை வேறு. ரோபோவில் நிற்கும்போது கண்ணாடி ஏற்றியிருக்க வேண்டும், பையும் போனும் சீட்டில் கிடக்கக்கூடாது, தெருவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடாது, இருட்டிய பிறகு தனியாக நடை வேண்டாம். போலீசுக்கு 10111, கைபேசியிலிருந்து அவசரத்துக்கு 112, உங்கள் காம்ப்ளெக்ஸ் செக்யூரிட்டி எண், மூன்றும் அவர் போனில் இருக்கட்டும். இவ்வளவுதான் பாடம். "பயப்படாதே" என்று நூறு தடவை சொல்வதைவிட இது உதவும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, அதனால் நானே கேட்கிறேன். அவர் கையில் என்ன இருக்கிறது? சம்பாதித்த பெண்ணுக்கு "எவ்வளவு வேணும்னு சொல்லு, தரேன்" என்பது எவ்வளவு குத்தும் என்று ஆண்களுக்குச் சுலபத்தில் புரிவதில்லை. உங்கள் கணக்கிலேயே அவர் பெயரில் இன்னொரு கார்டுக்கு வங்கியில் கேளுங்கள், வீட்டுச் செலவு முழுவதையும் அவர் பொறுப்பில் விடுங்கள். அதோடு, மாதாமாதம் அவருக்கென்று ஒரு தொகை, கணக்குக் கேட்காமல். அதில் தங்கைக்குச் சேலை எடுப்பாரோ, அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பாரோ, அது அவர் பாடு. ஊரில் அவர் பெயரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிவிட்டீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், பலர் மறந்துவிடுகிற விஷயம் இது.

இப்போது கசப்பான சங்கதி. வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குப் பொதுவாகக் கிடைப்பது கூடவே தங்குவதற்கான விசா மட்டும்தான், அதை வைத்து இங்கே வேலை பார்க்க முடியாது. இதை அவரிடம் தெளிவாகச் சொன்னீர்களா, கல்யாணத்துக்கு முன்னாலேயே? "போனதும் ஏதாவது ஸ்கூல்ல பார்க்கலாம்" என்று பெண் பார்க்க வந்த அன்றைக்குச் சொல்லிவிட்டு அப்புறம் கமுக்கமாக இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படி ஏதாவது நடந்திருந்தால் முதலில் அதைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அது மனசில் கிடக்கும்வரை மற்ற எதுவும் ஒட்டாது. வழி இல்லாமல் இல்லை. அவருடைய இந்தியப் பட்டத்தை சாக்கா என்கிற தகுதி மதிப்பீட்டு ஆணையத்தில் மதிப்பிட்டு வாங்கிவைத்துக்கொள்ளலாம். ஆசிரியராக வேலை பார்க்க சேஸ் என்ற ஆசிரியர் மன்றத்தில் பதிவும் வேண்டும். பிறகு ஒரு பள்ளி வேலை தர முன்வந்தால் அவர் பெயரிலேயே வேலை விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், நாள் பிடிக்கும். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுப்பது இந்த விசாவில் சரிப்படுமா, வரி எங்கே கட்டுவது என்பதையெல்லாம் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஆபீஸ் நண்பர்களின் மனைவிமார் குழு ஒன்று இருக்கும், அதில் சேரட்டும், ஆனால் அது மட்டும் போதாது. இந்த நாட்டில் தமிழர்கள் 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்த முதல் கப்பலிலிருந்தே இருக்கிறார்கள். பெயரில் பிள்ளை, நாயுடு, முதலி எல்லாம் இருக்கும், வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் "இவங்க தமிழங்களே இல்ல" என்று ஒதுங்கிப்போவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். புரட்டாசி முழுக்க அசைவம் தொடாமல் விரதம் இருப்பார்கள், நடுக்குளிரில் ஆடி மாதக் கூழ் ஊற்றுவார்கள், தைப்பூசக் காவடியைப் பார்த்தால் பழனி அடிவாரம் தோற்றுவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் மெல்ரோஸ் சுப்பிரமணியர் கோயில், பிரிட்டோரியாவில் மரபாஸ்டாட் மாரியம்மன் கோயில், இரண்டும் உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். ஒரு தடவை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தால் பழக்கம் வராது, கூழ் காய்ச்சும் நாளில் போய் ஒரு கரண்டியைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு டீச்சர் வந்திருக்கிறார் என்று தெரிந்தால், பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தர முடியுமா என்று பாட்டிமார்களே கேட்பார்கள். சம்பளம் வாங்காத சேவை என்றாலும் அதையும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலம் பேசக் கூச்சம் இருந்தால் அதுவும் அங்கேயே போய்விடும், தப்பாகப் பேசினால் சிரிக்கிறவர்கள் இல்லை.

சமையலறையைப் பற்றி ஒன்று. அற்பமாகத் தெரியும், ஆனால் இதில் உடைந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரம், உங்கள் மிட்ராண்ட் அதைவிடச் சற்றே தாழ்வு. தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதனால் பருப்பு வேக நேரமாகும், குக்கரிலும் ஒன்றிரண்டு விசில் கூட வைக்க வேண்டும். ஜூன், ஜூலையில் ராத்திரிக் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், பெரும்பாலான வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு கிடையாது, அரைத்துவைத்த இட்லி மாவு காலையில் அரைத்த மேனிக்கே கிடக்கும். ஓவனைப் பற்றவைக்காமல் உள்ளே பாத்திரத்தை வைத்து உள்விளக்கை மட்டும் போட்டுவிட்டால் விடியும்போது பொங்கியிருக்கும், பெரிய பாத்திரமாக வையுங்கள், இல்லாவிட்டால் வழிந்து ஓவனைக் கழுவ வேண்டிவரும். இது தெரியாமல் "இங்கே என் கைக்கு எதுவுமே வரலை" என்று தன்னையே நொந்துகொள்கிற பெண்ணிடம் நாம் "ஏன் இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்று ஜோக் அடிப்போம். வேண்டாம். சாமானுக்கு ஃபோர்ட்ஸ்பர்க்கும் லெனேசியாவும் இருக்கின்றன, பட்டியல் அவருடையதாக இருக்கட்டும், நீங்கள் பையைத் தூக்குங்கள்.

அழுகையைப் பற்றி. வீட்டு ஏக்கம் வந்து வந்து போகும், நடுவில் சிரிப்பும் இருக்கும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இருந்தாலோ, "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்கிற மாதிரிப் பேச்சு வந்தாலோ அது ஏக்கம் இல்லை, மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். அன்றைக்கே குடும்ப டாக்டரைப் பாருங்கள், அறைக்குள் அவர் தனியாகப் பேசட்டும். சாடாக் என்ற மனநல அமைப்பு இந்த நாட்டில் இலவசத் தொலைபேசி உதவி நடத்துகிறது. தமிழில் பேசினால்தான் வரும் என்றால் ஊரிலிருக்கும் ஆலோசகரோடு வீடியோவில் பேசலாம். உங்கள் மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவச் செலவுத் திட்டத்தில், அவரைச் சேர்த்துவிட்டீர்களா? சேர்ந்ததும் மூன்று மாதம் வரை பொதுவாகச் செலவைத் தராமல் காத்திருக்க வைக்கவும், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருக்க வைக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு, கர்ப்பமான பிறகு சேர்த்தால் அதற்கும் இது பொருந்தும். தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக, ஊருக்கு அனுப்புங்கள் என்றாரே, அனுப்புங்கள். கோபத்தில் டிக்கெட் போட வேண்டாம், "போயிட்டு வா" என்று திரும்புகிற தேதியையும் சேர்த்துப் போடுங்கள், தங்கை கல்யாணமோ பொங்கலோ ஏதாவது ஒரு காரணத்தை ஒட்டி. சென்னைக்கு நேர் விமானம் கிடையாது, துபாய், தோகா, அடிஸ் அபாபா என்று எங்காவது மாற வேண்டும், முடிந்தால் அந்த முதல் பயணத்தை அவர் தனியாகவே செய்யட்டும். உங்கள் அம்மாவிடம் "அவளுக்கு இங்கே செட் ஆகலை" என்று முன்கூட்டியே சொல்லிவைக்காதீர்கள், போன இடத்தில் அத்தனை பேரும் அட்வைஸ் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். கிளம்பும் முன் அவருடைய விசா முடியும் தேதியைப் பாருங்கள். புதுப்பிக்க வேண்டுமானால் முடிவதற்கு 60 நாள் முன்னதாகவே விண்ணப்பம் உள்ளே போய்விட வேண்டும். தேதி தாண்டித் தங்கிவிட்டு வெளியேறினால், 30 நாள்வரை என்றால் ஓராண்டும், அதற்கு மேல் என்றால் ஐந்தாண்டும் திரும்பி வர முடியாமல் தடை போட்டுவிடுவார்கள்.