தூரிகை எழுத்துரு: லேபிளில் எது வரை, யாருடைய உரிமத்தில்?

கேள்வி: கையால் சோப்பு செய்து விற்கிறேன். லேபிளில் பெயர், சேர்மானப் பட்டியல் இரண்டுமே பிரஷ்ஷால் எழுதியது போன்ற ஒரே எழுத்துருவில் இருக்கின்றன. பட்டியலைப் படிக்கவே முடியவில்லை என்கிறார்கள். வடிவமைத்தவர் ஃபான்ட் ஃபைலையும் அனுப்பி, ‘ஃப்ரீதான், இனி நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: பெயர் அப்படியே இருக்கட்டும். பட்டியலைச் சாதாரண எழுத்துருவுக்கு மாற்றிவிடுங்கள். தூரிகை எழுத்து நாலைந்து சொல்லுக்குத்தான் தாங்கும். சின்ன அளவில் அச்சிட்டால் தடித்த கோடுகள் ஒட்டிக்கொண்டு சுழி மூடிவிடும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். 1942இல் ராபர்ட் ஸ்மித் வரைந்த பிரஷ் ஸ்கிரிப்ட் என்ற எழுத்துரு முதல் இந்த வகைக்கு வேலை தலைப்பிலும் விளம்பரத்திலும்தான். பெயரில் ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் ஒன்றையாவது மாற்று வடிவத்தில் போடச் சொல்லுங்கள். இரண்டும் அச்சு அசலாக இருந்தால் கையெழுத்து என்று யார் நம்புவார்கள்? ஆங்கிலப் பெயரானால் முழுதும் கேப்பிடல் எழுத்தில் வேண்டாம்.

சரி, அந்த ‘ஃப்ரீ’க்கு வருவோம். எனக்கு எரிச்சல் வருவதே இங்கேதான். இலவசம் என்று இறங்கும் தூரிகை எழுத்துருக்களில் ஏராளமானவை சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதைச் சொல்லும் குறிப்பு ஜிப்புக்குள் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் கிடக்கும், யாரும் திறப்பதில்லை. ‘ஆயிரம் ஃபான்ட் ஒரே பேக்கில்’ என்று விற்கிறவர்கள் அந்த ஃபைலையே தூக்கிவிட்டு, வரைந்தவர் பெயரையும் மறைத்துவிடுகிறார்கள். விற்கிற பொருளின் லேபிள் சொந்த உபயோகம் ஆகாது. ‘எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிவிட்டேன், இனி அது வெறும் படம்’ என்று சமாதானம் சொல்வார்கள். உரிமம் இல்லாத எழுத்துருவுக்கு அது பரிகாரம் இல்லை.

வடிவமைத்தவர் முறையாக உரிமம் வாங்கியிருந்தால், அவர் செய்து தந்த லோகோவை நீங்கள் பயன்படுத்தலாம். ஃபைலை வைத்து நீங்களே அடிப்பதற்கு உங்கள் பெயரில் தனி உரிமம் வேண்டும். கணினிக்கு ஒன்று, இணையதளத்துக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று என்று பிரித்து, வக்கீலுக்கே கொட்டாவி வரும் மொழியில் எழுதி வைத்தால் சோப்பு செய்கிறவர் என்ன செய்வார்? இதை எளிமையாக்க யாருக்கும் மனசு வரவில்லை.

ஒரு விலக்கு உண்டு: எஸ்ஐஎல் (SIL) என்ற அமைப்பு எழுதிய திறந்த எழுத்துரு உரிமம் (Open Font License). இதில் வந்த எழுத்துருவை வியாபாரத்துக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஃபைலை அடுத்தவருக்குக் கொடுக்கலாம், திருத்தவும் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. எழுத்துருவின் பெயரை வரைந்தவர் தனக்கென்று ஒதுக்கியிருந்தால், திருத்திய பிரதிக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். திருத்திய பிரதியையும் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். உங்கள் லேபிளை இது எதுவும் கட்டுப்படுத்தாது.

ஆகவே வடிவமைத்தவரிடம் உரிம ஃபைலையோ வாங்கிய ரசீதையோ கேளுங்கள். ‘எல்லாரும் இதைத்தான் போடுகிறார்கள்’ என்று பதில் வந்தால், அடுத்த கட்டு லேபிள் அச்சுக்குப் போவதற்கு முன்பே எழுத்துருவை மாற்றிவிடுங்கள்.