பதில்: அப்பாவோட வாய்ஸ் நோட்ஸை எப்படி காப்பாத்துறது?

சகோ, போன் மாத்துறதுக்கு முன்னாடி, மறைஞ்ச அப்பாவோட வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸை எடுக்கணும்னு கேட்டிருக்கீங்க, அதுவரைக்கும் பழைய போன ரீசெட் பண்ணிடாதீங்க ப்ளீஸ். ஆண்ட்ராய்டுன்னா ஃபைல் மேனேஜர்ல வாட்ஸ்அப் மீடியாக்குள்ள வாய்ஸ் நோட்ஸ் ஃபோல்டர் இருக்கும், அதுல 202314 மாதிரி நம்பரா கிடக்கும், குழம்பாதீங்க, 2023ல 14வது வாரம், அவ்ளோதான். மொத்தத்தையும் கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணுங்க, எல்லாம் ஓபஸ்ங்கற ஆடியோ ஃபைல், விஎல்சி பிளேயர்ல ஓடும். ஆனா யார் அனுப்பினதுன்னு பேர்ல இருக்காது, அதனால அப்பா சாட்டை மட்டும் மீடியாவோட தனியா எக்ஸ்போர்ட் பண்ணிடுங்க, தேதி நேரத்தோட டெக்ஸ்ட் ஃபைலும் சேர்ந்து வரும். எங்கம்மா அனுப்பினதுல பாதி வெறும் "சாப்ட்டியா"தான், பின்னாடி குக்கர் விசில் வேற, அப்போ பாதில நிறுத்திடுவேன், இப்ப அந்த விசிலுக்காகவே கேக்குறேன். கூகுள் போட்டோஸ்ல இருக்கற படம், வீடியோக்கு கூகுள் டேக்அவுட் (நம்ம டேட்டாவை மொத்தமா டவுன்லோட் பண்ற வசதி) போடுங்க, டவுன்லோட் லிங்க் ஒரு வாரம்தான் இருக்கும்.