அம்மா ஆண்டவரிடம் இருக்கும்போது உயிர்த்தெழுதல் எதற்கு?

கேள்வி: அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. ஈஸ்டர் வருகிறது. ‘உயிர்த்தெழுந்தார்’ என்று எல்லோரும் பாடும்போது என்னால் பாட முடியுமா என்று தெரியவில்லை. “அம்மா பரலோகத்தில் இருக்கிறார், அழக் கூடாது” என்கிறார்கள். ஏற்கெனவே பரலோகத்தில் இருப்பவர் கடைசி நாளில் எழுந்திருப்பது எதற்கு? என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

பதில்: சகோதரி, முதலில் அழுகையைப் பார்ப்போம். அழக் கூடாது என்பதற்கு 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐக் காட்டுவார்கள். அதில் பவுல் துக்கமே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்கிறார். பாதி வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னால் காயம்தான் மிஞ்சும். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசுவும் கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் (யோவான் 11:35).

உங்கள் இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். ‘ஆத்துமா பரலோகம் போய்விட்டது’ என்பதோடு கிறிஸ்தவ நம்பிக்கை முடிவதில்லை. ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ‘சரீரம் உயிர்த்தெழுதல்’ என்று நாமே அறிக்கையிடுகிறோம். மரித்தவர் கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பதற்கு லூக்கா 23:43, பிலிப்பியர் 1:23 ஆதாரம். அந்த இடைக்கால நிலை எப்படிப்பட்டது என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அது காத்திருக்கும் நிலை, முடிவு அல்ல என்பதைப் பெரும்பாலான சபைகள் ஏற்கின்றன.

முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு ஈஸ்டர்தான் மாதிரி. லாசரு கை கால் கட்டப்பட்டபடியே வெளியே வந்தான். மற்றவர்கள் கட்டவிழ்க்க வேண்டியிருந்தது. அவனுக்குத் திரும்பக் கிடைத்தது மறுபடியும் மரிக்கவேண்டிய பழைய உயிர். இயேசுவின் கல்லறையிலோ சீலைகள் அப்படியே கிடந்தன, தலைத்துணி மட்டும் தனியே ஓரிடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது (யோவான் 20:6-7). பிறகு அவர் சீஷர்களுக்கு முன்பாக மீன் துண்டு சாப்பிட்டார். காயத் தழும்பும் அவர் உடலில் இருந்தது. ஆவி என்று ஒதுக்கவும் முடியாது, பழைய உடலே என்று சொல்லவும் முடியாது.

பவுல் இதற்கு ‘முதற்பலன்’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார் (1 கொரிந்தியர் 15:20). லேவியராகமம் 23-இன்படி அறுவடையின் முதல் கதிர்க்கட்டை ஓய்வுநாளுக்கு மறுநாள் ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். இயேசு எழுந்ததும் ஓய்வுநாளுக்கு மறுநாள்தான். முதல் கட்டு வந்துவிட்டது என்றால் அதே வயலின் மீதிக் கதிரும் வரும். உங்கள் அம்மாவும் அந்த வயல்தான். ஆகவே உயிர்த்தெழுதல் பரலோகத்தோடு சேரும் உபரிச் சலுகை அல்ல, அறுவடையே அதுதான்.

நித்திய ஜீவனை (கத்தோலிக்கர் நிலைவாழ்வு என்பார்கள்) சாவுக்குப் பிறகு தொடங்கும் முடிவில்லாத ஆயுள் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யோவான் 17:3 அதைப் பிதாவையும் கிறிஸ்துவையும் ‘அறிவது’ என்கிறது. 5:24-இல் அது விசுவாசிக்கிறவனுக்கு ‘உண்டு’, நிகழ்காலத்தில்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் 1 கொரிந்தியர் 15-ஐ மூன்று நாளாகப் பிரித்து வாசியுங்கள்: 1-11, 12-34, 35-58. மொத்தம் 58 வசனம். ஒரே மூச்சில் வாசித்தால், புதைக்கப்படும் உடலை விதைக்கு ஒப்பிடும் விதை உவமை மனதில் தங்காது. நான்காம் நாள் யோவான் 20:11-18. மகதலேனா மரியாள் அழுதுகொண்டிருக்கிறாள், எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். “மரியாளே” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிகிறது. முதல் ஈஸ்டரின் முதல் சாட்சி கண்ணீரோடுதான் வந்தாள், பாட்டோடு அல்ல.

ஆராதனையில் பாட்டு வராவிட்டால் பேசாமல் நில்லுங்கள். பெந்தெகொஸ்தே நாள்வரை ஈஸ்டர் காலம் 50 நாள்.